நான்கு பூட்டுகள்

கேட்டுக்கு நான்கு பூட்டுகள்,
ஒன்றின் வளையத்தில் அடுத்தது கோத்து.
மரக் கம்பெனியுடையது,
மான் வேட்டைச் சங்கத்துடையது,
மின்கம்பிக்காரர்களுடையது,
துருவேறிய கடைசிப் பூட்டு எங்கள் கவுண்டியுடையது.
யார் தன்னுடையதைத் திறந்தாலும்
சங்கிலி முழுக்க இறங்கிவிடும்.
தூண்டில் புழு விற்கும் கடையில்
கையெழுத்துப் போட்டு வாங்கிய சாவியை
வெர்லீன் இடம் திருப்பினார், வலம் திருப்பினார்,
பிறகு பூட்டின் காதருகே குனிந்து
ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
திறந்தது.

பதினோரு மைல் செம்மண்.
ராய்ஸ் ஓட்டினான். படிவம் என் மடியில்.
வரைபடத்தில் இது பூங்கா,
நகம் அளவு பச்சை.

பலகையைக் கண்டுபிடித்தோம்.
எட்டுத் தோட்டா ஓட்டைகள் போக மிஞ்சியது:
நீராவிக் கப்பல்கள் இங்கே நின்றன,
ஒரு தளபதி ஓரிரவு தங்கினார்,
ஓர் ஆண்டு, கடைசி எண் இல்லாமல்.

கழிப்பறை: இல்லை.
குடிநீர்: இல்லை.
விளக்கு, இருக்கை, குப்பைத் தொட்டி: இல்லை.
இல்லை எழுதியே பேனா சூடானது.
பாம்பு உண்டு. அதற்குக் கட்டம் இல்லை.

கீழே டாம்பிக்பீ,
பால் குறைந்த தேநீர் நிறத்தில்,
அவசரமில்லாமல் தெற்கே.
கரையின் சுண்ணாம்புப் பாறையில்
சிப்பி ஓடுகள் பல் இளித்தன.
ஆற்றுக்கு முன்னால் இங்கே கடல் இருந்திருக்கிறது;
அதுவும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

படகு இறக்கத் தோதான சரிவு தேடி
அளவுக் கருவியோடு ராய்ஸ் புதருக்குள் போனான்.
கூவினான்:
"பதினாலு சதவீதம்! ஆற்றுவரை ஒரே சீர்!
யாரோ நமக்காகவே வெட்டி வைத்த மாதிரி!"

வெர்லீன் இறங்கிப் போய்ப் பார்த்தார்.
முப்பத்தோராண்டு நீதிமன்றப் பதிவறையில் இருந்தவர்.
பாறையின் வெட்டுத் தடங்களில்
விரலை வைத்தார், எடுத்தார்.

"நமக்காக இல்லை.
பருத்திப் பொதி உருட்ட. ஒன்று ஐந்நூறு பவுண்டு.
மேலிருந்து தள்ளிவிடுவார்கள்.
கீழே தடுத்து நிறுத்த ஆட்கள் நிற்பார்கள்,
பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுத்த ஆட்கள்.
பொதி உடைந்தால் நஷ்டம் என்று எழுதினார்கள்.
ஆள் உடைந்தாலும் எழுதினார்கள்.
அதே பக்கம். அதே மை."

நாடா சரேலெனச் சுருண்டு
ராய்ஸின் உள்ளங்கைக்குள் ஒடுங்கியது.
நட்டிருந்த ஆரஞ்சுக் கொடியை
அவன் பிடுங்கவும் இல்லை,
அடுத்ததை நடவும் இல்லை.

மத்தி டின்னைத் திறந்து உப்பு பிஸ்கட்டோடு தின்றோம்.
மரச்சில்லு ஏற்றிய தெப்பங்களைத் தள்ளிக்கொண்டு
ஒரு இழுவைப் படகு நெடுநேரம் போனது.
அலை, போனபின்தான் வந்தது.
அதில் ஆடியபடி ஒருவர் ஓடம் ஒதுக்கினார்.
டெல்மார் என்றார். வாளியில் மூன்று கெளுத்தி.
இங்கே எத்தனை வருடமாய் வருகிறீர்கள்?
"பிறந்ததிலிருந்து."
பூட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
"எந்தப் பூட்டு?"

படிவத்தில் கடைசிக் கேள்வி:
வரலாற்றுச் சிறப்பு, இரண்டு வரிக்கு மிகாமல்.
நான் வெர்லீனைப் பார்த்தேன்.
"வெறுமையாய் விடு" என்றார்.
"தனித்தாள் வைக்கிறேன். நிறைய."

திரும்பும்போது கேட்டைச் சாத்தி
நான்தான் பூட்டினேன்.

நெடுஞ்சாலையில் நாலு மைல் வந்தபின்
ராய்ஸ் மெதுவாய்க் கேட்டான்:
எந்த வளையத்தில் போட்டாய்?
தவறான வளையத்தில் கோத்தால்
நடுவில் ஒரு பூட்டு சும்மா தொங்கும்.
அதன் சாவி சரியாய்த் திரும்பும்,
பூட்டும் திறக்கும்,
கேட் மட்டும் திறக்காது.
வந்தவர் வெளியே நிற்பார்,
தன் சாவியையே சந்தேகித்துக்கொண்டு.

யோசித்தேன்.
நினைவில் இருந்தது குளிர்ந்த இரும்பு மட்டும்.

ஒருவரும் பேசவில்லை.
வெர்லீன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
ராய்ஸ் விளக்கைப் போட்டு
வண்டியைத் திருப்பினான்.