சந்தேகமெண்டால் வெளியே

எண்பத்தோராம் நிமிடம்.
மக்கெய்சர் மைதானத்தில் நஸ்லிம் விழுந்த இடத்தில்
புல்லில்லை, இரவு வந்த மான்களின் புழுக்கைதான்.
எழுந்தான். ஒன்றுமில்லையென்று கைகாட்டினான்.
பிறகு எங்கள் கோலை நோக்கியே ஓடத் தொடங்கினான்.

பையோடு உள்ளே போனேன்.
"இது எந்தக் கிரவுண்ட்?"
"கிண்ணியா மிஸ்."
பாலத்துக்கு அங்கால், குடாவுக்கு அங்கால்
கிடக்கிற தன் ஊரைச் சொன்னான்,
சிரித்துக்கொண்டு.

கோட்டோரம் நின்று கழகத் தலைவர் கத்தினார்:
"ஸ்ப்ரேய அடிச்சு விடும் பிள்ள,
ஒம்பது நிமிசம்தானே!"
தலைக்குள்ளே அடிக்க ஸ்ப்ரே இல்லை என்றேன்.
"அதைச் சொல்ல நீர் ஆர்?"

நல்ல கேள்வி.
என் மாதக் காசோலையில் அவருடைய கையெழுத்து.
பார்வையாளர் படிக்கட்டு முழுக்க விசில்.
ஒருத்தி நான், ஒரு ஐஸ் பெட்டி.

அப்போது கொழும்பு மண்டபம் ஞாபகம் வந்தது.
சங்கத்தின் பொதுக்கூட்டம், சுற்றாத மின்விசிறி,
ஆறிப்போன புரியாணிப் பொதிகள்,
அறுபது பேர், ஒரேயொரு வாக்கியம், இரண்டு நாள்.
'பொதுவாக' என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்லி
மாத்தறைக்காரர் மூன்று தரம் எழும்பினார்.
இனோகா பேனாவை மூடிவிட்டாள்.
சேரவில்லை அந்தச் சொல்.
இரவு ரயிலுக்குப் பிந்துமே என்ற யோசனையில்
அரைத் தூக்கத்தில் கையுயர்த்தியவள் நான்.

அந்த அரைத் தூக்கக் கைதான்
நஸ்லிமின் தோளைப் பிடித்து
வெளியே கூட்டிவந்தது.

ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றோம்.
திங்கட்கிழமையே தலைவர் முறைப்பாடு எழுதினார்,
மூன்று பக்கம்,
என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழையோடு.

ஐந்து கிழமை
தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வயிறு பிசைந்தது.
பிறகு சங்கத்தின் கடிதம்:
உறுப்பினர் 214இன் முடிவு சரியானது,
இந்த விடயத்தில் கழகம் அவருக்கு அழுத்தம் தரலாகாது.
இரண்டாம் பந்தி:
உறுப்பினர் 214இன் ஆண்டுச் சந்தா
இன்னும் வந்து சேரவில்லை.

சிங்களத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது.
தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்டு
சந்தாக் காசோடு எழுதிப் போட்டேன்.
பதில் வரும்வரைக்கும் பொறுக்கவில்லை,
உடைமாற்றும் அறைக் கதவில்
மார்க்கர் பேனையால் நானே எழினேன்,
இரண்டே சொல்.
அடுத்த நாள் யாரோ அதன் கீழே
பந்தொன்று கீறியிருந்தார்கள்.

வெளிச்சத்தைப் பார்த்தால் இப்போது கண் கூசுவதில்லையாம்.
மெதுவோட்டம் தொடங்கிவிட்டான் நஸ்லிம்,
இரண்டு சுற்று, பிறகு நான்கு.
அந்தப் பின்னேரம் மட்டும்
அவனிடம் இல்லை.
நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போது கேட்கிறான்:
"அண்டைக்கு ஆர் மிஸ் வெண்டது?"

எண்ணிக்கை தவறிப்போகிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.