ரத்துச் செய்யக்கூடியவை

காலை ஆறே முக்காலுக்கு ஒலுமடுவிலிருந்து போன்.
"பிள்ளை, மூண்டு மெசின் வந்து நிக்குது வயலுக்கை.
எனக்கிருக்கிறது ஒண்டரை ஏக்கர்."

கயிலாசம்பிள்ளையர் பதிந்தது ஒருதரம்.
விரல்தான் மூன்று தரம் அமத்தியிருக்கிறது.
மாங்குளத்துச் சிக்னல் மழைக்கு ஒதுங்கி நின்று
யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்லும்.
பதில் வராத கதவை
ஒருதரம் மட்டும் தட்டிவிட்டுப் போகிறவர் யார்?

டயர்க்கடை மேல்மாடி. விசிறி சுத்தவில்லை.
சங்கத்து அறுவடை மெசின் பக்கத்தைத்
திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

கிளிக் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை.
பொத்தானில் தொடங்கி
அதைச் சுற்றிய பெட்டிக்கு,
பெட்டியைச் சுற்றிய படிவத்துக்கு,
பிறகு முழுப் பக்கத்துக்கும்
குளத்தடிக் குமிழி மாதிரி ஏறும்.
ஏறும் வழியெல்லாம் யாரோ காது வைத்திருக்கிறார்கள்.
அதில் இரண்டு
நானே வைத்து மறந்த காதுகள்.

மேலே ஏறாதே என்பது ஒரு வரி.
உன் வழக்கத்தைச் செய்யாதே என்பது வேறு வரி.
இரண்டும் ஒன்றென்று நினைத்தே
எனக்கு ஒரு சிறுபோகம் போனது.
முதலாவது, கதையை வீட்டோடு நிறுத்துவது.
மற்றது, கதை ஊரெல்லாம் போகட்டும்,
காரியம் மட்டும் நடக்க வேண்டாம் என்பது.

இரண்டாவதை எழுதினேன்.
இனி முதல் அமத்தலோடு பொத்தான் சாம்பலாகும்;
பெயரை எழுதி என்டர் தட்டினால்
பாதிப் படிவம் பறந்து போகாது.

எல்லாவற்றையும் மறிக்கவும் ஏலாது.
சில நிகழ்வுகள் வரும்போதே
மடியில் ஒரு சீட்டோடு வரும்:
ரத்துச் செய்யலாமா? இல்லை.
உருட்டல் அப்படி.
எனக்குச் சொல்லப்படும்போது பக்கம் நகர்ந்தாயிற்று.
நில் என்று எழுதலாம்தான்.
சிவப்பில் ஒரு பிழைகூட வராது,
வரி கிடக்கும், அவ்வளவுதான்.

கடைசிச் சோதனை:
பாதி நிரப்பியவர் வெளியேறப் பார்த்தால்
உலாவி வழிமறித்துக் கேட்க வேண்டும்.
பெயர் இட்டேன். ஊர்: விசுவமடு.
முடிக்காமல் மூடினேன்.

கேட்டது.
*வெளியேறவா?*
*நீங்கள் செய்தவை சேமிக்கப்படாமல் போகலாம்.*

எட்டு வயதில் அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டபோது
அடுப்பில் சோறு அரைவேக்காடு.
தமிழ்க் கொப்பியில் பாதிச் சொல்வதெழுதல்.
ஒருத்தரும் கேட்கவில்லை.

சின்னப் பெட்டி, இரண்டு பொத்தான்.
இவ்வளவு மரியாதையாய்
ஒரு இயந்திரம் நின்றுகொண்டிருக்கிறது.
'இரு' என்பதில் அம்புக்குறியை வைத்தபடி
நானும் கொஞ்சம் நின்றேன்.

திரும்பவும் போன்.
"பிள்ளை, மெசினைத் திருப்பி எடுக்காதை.
ஒண்டைப் பக்கத்து வயல் புனிதவதி பிடிச்சிட்டா,
மற்றதை அவவின்ர மச்சான்.
மழைக்கு முந்தி மூண்டு வயலும் முடியும் போலை.
இதை உதிலை எப்பிடிப் பதியிறது?"

பார்த்தேன்.
அதற்கு நான் இன்னும்
காது வைக்கவில்லை.