பென்சில் புள்ளி

தமிழில் அது வசவு.
கட்சி தாவியவனை, கைமாற்று வாங்கிவிட்டு முகம் மாறியவனை
அந்தப் பெயரால்தான் ஏசுவோம்.
என்னிடம் இரண்டு இருந்தன,
ஷார்ஜா ரோலாவில், மூன்றாம் மாடியில்,
ப்ளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம்.

ஆணின் பெயர் ஃபோர்மேன்.
ஒரு கண் உன்னைப் பார்க்கும்,
மற்றது உன் பின்னால் எவன் சும்மா நிற்கிறான் என்று பார்க்கும்.

அவன் கூண்டில் அவளை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை.
ஞாயிறு நான் வேலை முடிந்து வந்தபோது
கறுத்திருந்தாள், கறுப்பின் மேல் நீலம், மஞ்சள்.
ஒளிந்துகொள்ள நிறம் மாறும் என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னது பொய்.
கிட்டே வராதே, நான் நிறைந்துவிட்டேன்:
ஒளியவே இல்லாத நிறம் அது.

"வேலியே இல்லாத ஊர்லயும்
ஓணானைத் தேடிப் பிடிச்சிருக்கியே" என்றார்
மேல் கட்டில் கஸ்பார்.

சைட் மணலை நாலு தண்ணீர் அலசி
பெயின்ட் வாளியில் கொட்டிக் கொடுத்தேன்.
ஒன்றரை நாள் தோண்டினாள்.
பார்க்கிறோம் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள்,
அதனால் துண்டை மாட்டி மறைத்துவிட்டு
எட்டுப் பேர் அறையில் சாடையாக நடந்தோம்.
நாற்பத்தொன்று.
மூடிவிட்டு, மண்ணைக் காலால் அழுத்தி,
எலும்பாய் வெளியே வந்தாள்.

நான் சில்லர் மெக்கானிக்.
ஹோட்டல் கழித்துப்போட்ட மினிபாரை
இருபத்தேழில் நிறுத்தத் தெரியும்.
வெர்மிகுலைட்டை முஷ்டியில் பிழிந்தால்
ஒரு சொட்டு விழலாம், இரண்டு கூடாது.
ஒவ்வொரு முட்டை உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி.
மேல் எதுவோ அது மேலேயே இருக்க வேண்டும்.
புரண்டால் உள்ளே இருப்பது
தன் நீரிலேயே மூழ்கிவிடும்.

பிப்ரவரியில் பலதியா ஆள் வந்து
தடுப்புகளைத் தட்டிப் பார்த்தார்.
இரவுக்குள் காலி.
மற்றவர்கள் அரிசி மூட்டை தூக்கினார்கள்,
நான் டப்பாவை மடியில் வைத்து அஜ்மானுக்கு டாக்ஸி ஏறினேன்.
பெஷாவர்க்காரர், ஷேர் ஜமான்.
என்ன அது?
அண்டா.
அஜ்மானில் முட்டை விற்பதில்லையா?
அரைகுறை இந்தியில் புள்ளிகளைச் சொன்னேன்.
அதன் பிறகு பேசவில்லை அவர்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
மையித் வண்டி போல ஏறி இறங்கினார்.
பின்னால் ஹாரன் அடித்தவனுக்குக்
கண்ணாடி இறக்கி என்னவோ சொன்னார், பஷ்தூவில்.
நல்லதாக இருக்காது.

புது அறை டெபாசிட்டுக்கு ஃபோர்மேன் விலை போனான்.

ஏப்ரலில் அவள் மறுபடி கறுத்தாள்.
ஆண் இல்லாமல் எப்படி என்று கஸ்பார் கேட்டார்.
ஒருமுறை சேர்ந்ததை உள்ளேயே சேமித்து வைப்பாள்,
அடுத்த ஈட்டுக்கும் அதுவே போதும் என்றேன்.
அறையே சிரித்தது.
"ரெண்டு வருசத்துக்கு ஒரு லீவு, நம்ம கணக்குதான்" என்றார் ஒருவர்.
கஸ்பாரும் சிரித்தார்.
பிறகு போனை எடுத்துக்கொண்டு
மாடிப்படிக்குப் போனவர்
வெகுநேரம் வரவில்லை.

ஒன்பது முட்டை பூஞ்சை பிடித்தது.
மீதி வீங்கின, திராட்சை போல.

ஜூலை. வெளியே நாற்பத்தெட்டு.
நஹ்தாவில் ஒரு டவரே வெந்துகொண்டிருக்க
கூரையில் கம்ப்ரஸர் மாற்றிவிட்டு வந்தேன்.
முட்டைகள் வியர்த்திருந்தன.
வியர்த்தால் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.
எனக்கும் முதுகெல்லாம் உப்பு, நான் எங்கே உடைவது.

நட்சத்திரம் போலக் கிழித்துக்கொண்டு
முதலாவது தலையை நீட்டி
அப்படியே அரை நாள் இருந்தது.
வெளியே வருவதா என்று யோசிக்க
அதற்கு உரிமை உண்டு.
பென்சிலை நீட்டினேன், பற்றிக்கொண்டது.
வெறும் பச்சை. வேறு நிறம் இன்னும் தெரியாது.

ஒரு வாரத்தில் முப்பத்தொன்று.
கஸ்பார் வாழைப்பழத் தோலில் ஈ வளர்க்கிறார்,
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

ஒன்று மட்டும் அப்படியே கிடக்கிறது,
புள்ளி மேலே.
செத்திருக்கும் என்கிறார்கள்.
இருக்கலாம்.
நான் புரட்டிப் பார்க்கவில்லை.