லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்

பகலில் நான் உப்பைக் குறைக்கச் சொல்கிறவன்.
டயாலிசிஸ் பிரிவு, இரண்டாம் மாடி, ஒன்பது படுக்கை.
ஊறுகாய் தொடாதீங்க, அப்பளம் வேண்டாம்,
தண்ணீர் ஒரு நாளைக்கு மூணு டம்ளர்.

ராத்திரி அஸ்தம்பட்டி வீட்டுக் குளியலறையில்
நீல டிரம்மில் கடல் கலக்குகிறேன்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
ஒரு கரண்டி கூடினால் மறுபடி முதலிலிருந்து.
(ஆஸ்பத்திரி ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கேன் எடுத்ததில்லை.
கேட்டால் சத்தியம் செய்வேன்.)
எந்தப் பக்கம் வண்டி எடுத்தாலும்
கடலுக்கு நாலைந்து மணி நேரமாகும் ஊர்.
போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால்
பாத்திரத்தில் சுண்ணாம்பு பூக்கும்.

கொளத்தூரில் ஜெரோம் கடையில் வாங்கினேன்.
மாண்டரின். சுண்டுவிரல் நீளம்.
லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரிடம்
மிச்ச டப்பாவையெல்லாம் கொடுத்து
உங்க இஷ்டம் என்று விட்டதுபோல் உடம்பு.
"எது போட்டாலும் சாப்பிடும் சார்" என்றான்.
வியாபாரம் அப்படித்தான்.
ஏற்காடு எக்ஸ்பிரஸில் மடியைவிட்டு இறங்காத
தெர்மாகோல் பெட்டியைப் பார்த்து
விடியாத ஜங்ஷனில் ஆட்டோக்காரர் கேட்டார்: "மருந்துங்களா?"
ஆமாம் என்றேன்.

உறைந்த இறால் குஞ்சு: பார்த்தது.
குருணைத் தீனி: பார்க்கவுமில்லை.
மீன் முட்டை: வாயில் வைத்து, யோசித்து, துப்பியது.
கோழிபோல் பாறையைக் கொத்திக்கொண்டே
நாளெல்லாம் நடக்கிறது.
அதற்கு வேண்டியது ஒரு புள்ளி.
தானாக நகர்கிற, உயிருள்ள புள்ளி.
அப்படி ஆயிரம், தினமும்.
சுகந்தா சொன்னாள்:
"தட்டுவடை செட்டுக்கு
காரம் கம்மி, பீட்ரூட் தூக்கல், வெங்காயம் தனியான்னு
வண்டிக்காரரை வதைக்கிற உனக்கு
வந்து வாய்ச்சிருக்கு பாரு."

ஜன்னலில் சேர்வராயன் மலையை மறைத்து
எட்டு பாட்டில் பச்சைத் தண்ணீர்.
உள்ளே கோப்பிபாட் வளர்க்கிறேன்.
மேல் வீட்டு தர்மலிங்கம் அருகம்புல் சாறென்று நினைத்து
ஒன்றைத் திறந்துவிட்டார்.

மே மாதம், ஒரு முழுப் பகல் கரண்ட் இல்லை.
ஆறு பாட்டில் நாறிப்போயின.
மீனுக்குத் துடுப்பின் பின்னால் வயிறு குழிந்தது.
எடை பார்ப்பது என் தொழில்.
மெஷினில் ஏற்றுமுன் ஒன்று, இறக்கியபின் ஒன்று.
மாதையனுக்கு அறுபத்தொன்று புள்ளி நாலு,
இறங்கும்போது ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு.
இதை எந்தத் தராசில் நிறுத்த?
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
வயிற்றின் நிழலைப் பார்த்து எழுதுகிறேன்:
குழி. குழி. நேற்றைவிடக் குழி.

மாதையன் ஓமலூர்க்காரர், லாரி ஓட்டியவர்.
ரத்தம் வெளியே போய்த் திரும்பும் நாலு மணி நேரமும்
சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்.
கருவாட்டுக் குழம்பு. தாபா பரோட்டா.
முழுசா ஒரு தர்பூசணி.
ஒரு வியாழக்கிழமை மீனைப் பற்றிச் சொன்னேன்.
"எல்லாம் இருந்தும் திங்காதா?"
ஊசி குத்தாத கையால் என் போனை வாங்கி
வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"தூத்துக்குடிக்கு எத்தனையோ லோடு அடிச்சேன்.
ஹார்பர் கேட்டோட சரி, கடலைப் பார்த்ததில்லை.
இதுல எத்தனை லிட்டர் தம்பி?"
முன்னூறு என்றேன்.
"முன்னூறு" என்றார் அவரும்,
உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு.
குடிக்க முடியாதுங்க, உப்பு.
"தெரியும், தெரியும்."
அப்புறம் மெஷின் கத்தியது, போய்விட்டேன்.

அன்று ராத்திரி
மிஞ்சிய இரண்டு பாட்டிலையும் தொட்டியில் ஊற்றினேன்.
பம்ப்பை நிறுத்தி, விளக்கணைத்து,
சிவப்பு டார்ச்சோடு தரையில் உட்கார்ந்தேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு பாறை இடுக்கில் ஒரு முகம்.
ஒரு கொத்து. நின்று யோசனை.
இன்னொரு கொத்து.
நாற்பது வரை எண்ணினேன், விட்டுவிட்டேன்.
"தின்னுதா?" இருட்டிலிருந்து சுகந்தா.
"கொத்துது."
"அது எப்பவும் கொத்தும்."

உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.
நோட்டில் அன்றைய வரி காலி.
மூன்று மணிக்கு எழுந்து
பம்ப்பைப் போட்டது அவள்தான்.