குட்டிகளின் மூலை

எங்கள் ஜூலையில் சூரியன்
வடக்கே, மலை முதுகின்மேல்
முழங்கால் உயரம் எழுந்து
நாலு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடும்.
அந்தக் கொஞ்ச வெயிலைப் பிடித்துவைக்கப்
பதினோரு வருஷம் கொட்டகையில் இருந்தவை
எட்டு ஈய பேட்டரிகள்.

அவற்றுக்குத் தாகம் எடுக்கும்.
மாதம் ஒருமுறை மூடிகளைத் திருகித் திறந்து
வடித்த தண்ணீர் ஊற்றுவேன்.
அழுகிய முட்டை வாடை.
என் கால்சட்டைகளிலெல்லாம் அமிலம் தின்ற ஓட்டை.
தொடையில் நாலு ஓட்டை சேர்ந்திருப்பதைத்
தென்சிலுவை என்பான் எவரிஸ்தோ.

களைத்தால் சொல்லிவிடும் அவை.
விளக்கு பழுக்கும்.
தண்ணீர் மோட்டார் முனகும்.
வானொலிக்காரர் இருமலுக்குள் போய்விடுவார்.
போதும், படுப்போம் என்பேன்.

ஏப்ரலில் செத்தன.
ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் இருந்தது,
ஒரே வீட்டில் காய்ச்சல் பரவுவதுபோல.

கம்பளி விற்ற காசு, கூட இரண்டு காளைகள்.
கொயாய்கேயிலிருந்து பெலார்மினோவின் விறகு லாரியில்
வந்து இறங்கியது லித்தியம்.
ஒரே பெட்டி.
எவரிஸ்தோ ஒற்றை ஆளாகத் தூக்கினான்,
நம்பாமல் இறக்கிவைத்து
மறுபடி தூக்கினான்.

"நம்ம அட்டகாமா உப்புதான், தோன்யா எதுவினா.
கப்பலேறிச் சீனா போய்ப்
பெட்டியாகத் திரும்பியிருக்கு."
பெட்டிமேல் எங்கள் பாஷையில் ஒரு சொல் இல்லை.
ஒரு படம் மட்டும்: பனிப்பூ, குறுக்கே கோடு.
நனையக்கூடாது போலிருக்கு என்றான் எவரிஸ்தோ.
சாக்கு போட்டு மூடினோம்.

மூன்று வாரம் ராஜபோகம்.
இரவு பதினொன்றுக்கும் விளக்கு
பாலாக எரிந்தது.
எவ்வளவு எடுத்தாலும் அதே முகம்.
ஒரு புதன்கிழமை
கை முழுக்க மாவோடு நான் நிற்கையில்
பட்டென்று இருட்டு.
ஒரு மங்கல் இல்லை, முனகல் இல்லை.
இந்த ரகம் எனக்குப் புதிதல்ல.
ஒருத்தனோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன்.

மறுநாள் துடைத்துவிட்ட ஆகாயம்.
தகடுகளின் பனியைத் துடைப்பத்தால் தள்ளினேன்,
கண் கூசியது.
கம்பிவரை மின்சாரம் வந்து நிற்கிறது,
பெட்டி வாங்கவில்லை.
பந்தியில் உட்கார்ந்துகொண்டு
இலையைத் தொடாத விருந்தாளி.
சிவப்புப் பொட்டு ஒன்று மட்டும் சிமிட்டுகிறது.
எவரிஸ்தோ கம்பிகளைக் கழற்றினான், மாட்டினான்,
சீனாவை, பெலார்மினோவை,
பெலார்மினோவைப் பெற்றவளை,
வரிசை தப்பாமல் திட்டினான்.

கையுறையைக் கழற்றிவிட்டு
அதன் விலாவைத் தொட்டேன்.
இந்தக் குளிர் எனக்குத் தெரியும்.
அக்டோபரில் தாய் ஒதுக்கிய குட்டி
இப்படித்தான் இருக்கும்.
புட்டியை உதட்டில் வைத்தாலும் குடிக்காது.
பிடிவாதம் இல்லை.
உடம்பு சூடேறுமுன் பால் இறங்கினால்
பாலே அதைக் கொன்றுவிடும்.

பனிப்பூ, குறுக்கே கோடு.
அப்போதுதான் விளங்கியது.

எட்டு பேரையும் ஒருநாளும்
வீட்டுக்குள் விட்டதில்லை,
அவை விடும் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.
இதற்காகச் சுவரைத் துளைத்தோம்.
அடுப்புக்குப் பக்கத்தில், குட்டிகளின் மூலையில்,
பழைய ஆட்டுத்தோல் விரித்து இறக்கினோம்.
மூன்றரைக்குச் சிவப்பு பச்சையானது.
மலைக்கு மேலே மிச்சமிருந்தது அரைமணி வெயில்.
அதைக் குடித்தது.

ஈயத்தை எடைக்குப் போட்டாயிற்று.
வடித்த தண்ணீர் மூன்று குடுவை மிச்சம்.
ஒன்றைக் காய்ச்சி மாத்தே போட்டுப் பார்த்தேன்,
யார் வீட்டிலோ குடிப்பதுபோல் இருந்தது.
கம்பி நுழைந்த துளையில்
கம்பளி அடைத்தும் காற்று விசிலடிக்கிறது.
விளக்கு மங்குகிறதா என்று
இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன்.

எவரிஸ்தோ கேட்டான்:
அக்டோபரில் குட்டி வந்தால்?
நகர்ந்து படுக்கட்டும் என்றேன்.
எது என்று அவன் கேட்கவில்லை.