ஆறு வோல்ட்

வாங்கியபோது அதற்குள் ஏழு கோழிகள் இருந்தன.
கட்டபெட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் பின்புறம்,
தகரக் கொட்டகை.
பின்சீட்டு ஸ்பிரிங்கின் மேல் ஒன்று அடையில் இருந்தது.
"பொரிக்கட்டும் டாக்டரம்மா, அப்புறம் எடுத்துட்டுப் போங்க"
என்றார் போஜன்.
மூன்று வாரம் காத்திருந்தேன்.
ஆஸ்டின் டென், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.
ஆர்.சி. புத்தகத்தில் நிறம்: கறுப்பு.
நேரில் நிறம்: எச்சம்.

நான் பல் டாக்டர்.
கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டால்
வேர் சிகிச்சைக்கு வைத்திருக்கும் மெல்லிய ஃபைலை
நுழைத்து, கால் சுற்று திருப்பி, இழுக்கிறேன்.
கை அதே கை. வாய்தான் வேறு.
காணாமல் போன கதவுக் கைப்பிடிக்கு
மற்றக் கதவிலிருந்து அச்செடுத்தேன்,
பல்செட்டுக்குக் குழைக்கும் அதே ரோஸ் மாவில்.
குன்னூரில் லேத் வைத்திருக்கும் யாக்கூப்
பித்தளையில் வார்த்துத் தந்துவிட்டுக் கேட்டார்:
"மேல்வரிசையா, கீழ்வரிசையா?"

ஞாயிற்றுக்கிழமை துடைத்து நிறுத்த, ஃபோட்டோவுக்கு,
என்றால் எல்லோருக்கும் புரிகிறது.
தினமும் அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்கு,
மழையிலும், கிளினிக்குக்கு, காய்கறிக்கு, கேஸ் சிலிண்டருக்கு
என்றால்தான் முகம் கோணுகிறது.
ஓடாமல் நிற்கும் வண்டி
நரம்பு எடுத்த பல்.
வலிக்காது. அவ்வளவுதான்.

இது வலிக்கும்.
பிரேக் கம்பி நான்கும் நான்கு விதமாய் நீளும்;
இடது முன்சக்கரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.
எந்த கியரில் ஏறினேனோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும்.
இண்டிகேட்டர் என்பது
கதவுத் தூணிலிருந்து எழும் ஒரு சின்ன ஆரஞ்சுக் கை.
டானிங்டன் திருப்பத்தில் எழுந்தால் மடங்க மறந்துவிடும்.
கிளினிக் வரை நேராகப் போகும் சாலையில்
வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போகிறேன்.
கேரட் லாரிக்காரர் ஒருவர் நெருங்கி வந்து
ஜன்னல் வழியே கைநீட்டி
தட்டி மடக்கிவிட்டுப் போவார். பெயர் தெரியாது.

இன்ஷூரன்ஸ்காரர் குனிந்து நிமிர்ந்து கேட்டார்,
"இதுல எது மேடம் ஒரிஜினல்?"
டைனமோ கோவையில் சுற்றியது.
தரைப்பலகை பலா.
கேஸ்கெட் யாக்கூப்.
யோசித்து, ஸ்டியரிங்கைக் காட்டினேன்:
யாரோ ஒருவரின் கட்டைவிரல் வருஷக்கணக்கில்
தேய்த்த பள்ளம்.
என் விரலுக்கு அது பொருந்தாது.
பெரிய ஆளாய் இருந்திருக்கிறார்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு இரவு, மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்புகையில்,
குஞ்சப்பனையில் ரேடியேட்டருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்.
அதற்கு மேல் மஞ்சு.
ஆறு வோல்ட்டில் விளக்கு என்பது
மட்கார்டில் ஒட்டிய இரண்டு மஞ்சள் கறை.
பின்னால் ஒரு வெள்ளை வண்டி, ஊட்டி போகிற அவசரம்,
ஹாரனாலேயே என்னைத் தள்ளியது.
முந்தியது.
அதன் வெளிச்சம் போய் மஞ்சில் மோதித்
திரும்பி அதன் முகத்திலேயே விழ,
அப்படியே நின்றுவிட்டது.
நான் செகண்டில் தடதடத்துத் தாண்டினேன்,
சாலையோரக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு,
ஒரு சக்கரத்துக்கு எவ்வளவு கோடு தேவையோ அவ்வளவு.
பிறகு அது ஹாரன் அடிக்கவில்லை.

ஜெயித்த கதை என்று சொல்ல ஆசைதான்.
அடுத்த வளைவில் காட்டெருமை நின்றது.
நான் நிறுத்தினேன், இஞ்சின் தானும் நின்றது,
பேட்டரி ஒருமுறை முனகி ஓய்ந்தது.
வெள்ளை வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
"தள்ளணுமா மேடம்?"
எருமையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அது போகும்வரை இருந்தேன்.
பிறகு இறங்கி, சீட்டுக்கடியிலிருந்து
சுற்றுக் கம்பியை எடுத்து முன்னால் செருகினேன்.
இஞ்சின் எதிர்த்து உதைத்தால்
எதிரே நிற்கும் கட்டைவிரல் முறியும்.
அதனால் ஐந்து விரலும் ஒரே பக்கம்,
குரங்கு கிளையைப் பிடிப்பதுபோல்.
நாளை பத்து மணிக்கு
போஜனுக்குக் கடைவாய்ப் பல் எடுக்கணும்.
விரலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.
கீழிருந்து மேலாக,
ஒரே இழுப்பு.