ஏழாவது குப்பி

காட்டைத் தந்த பெடியனுக்குக் கழுத்துப்பட்டி இறுக்கம்.
ஸ்ரான்லி வீதியில் நான் கணக்கெழுதும் இரும்புக்கடைக்கு
மத்தியான வெயிலோடு வந்து
"ஒரு லட்சம் அக்கா, நாளைக்கே பாவிக்கலாம்" என்றான்.
நாளைக்கு எதற்கென்று தெரியாமலே
கையெழுத்து வைத்தேன்.

வீட்டில் ஒரு கறுப்புப் பை இருக்கிறது.
காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள்,
எப்போதோ எடுத்த அடையாள அட்டைப் பிரதிகள்.
ஓடிய காலத்தில் முதலில் கையில் தூக்கியது.
ஓட்டம் முடிந்தும்
அலுமாரிக் கதவடியை விட்டு அசையவில்லை அது.
காட்டையும் அதற்குள் போட்டேன்.
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரில் ஒரு துண்டு வெட்டி
அதன் முதுகில் ஒட்டி
நீலப் பேனையால் எழுதினேன்:
அந்தரத்துக்கு.

எது அந்தரம் என்பதில்தான் சண்டை.
கிணற்று மோட்டர் எரிந்தபோது, இதுதான் என்றார் இவர்.
கப்பியும் கயிறும் இருக்கும்வரை இல்லை என்றேன்.
பதினொரு நாள் அள்ளினோம்.
உள்ளங்கை உரிந்த பிறகு சம்பளம் வந்தது, மோட்டரும் வந்தது.
நல்லூர் கொடியேற, கடைகள் முழுக்கக் கழிவு.
போன் திரை வெடித்துப்போச்சு என்றான் அபிசரன்.
வெடித்த திரையிலும் முகம் தெரியுதுதானே என்றேன்.

இப்படிக் கதைத்துத் திரிந்தவள்தான்
மச்சாளின் மகளின் சாமத்தியவீட்டுக்கு
முப்பத்தெட்டாயிரத்துக்கு இரண்டு சேலை எடுத்தேன்.
ஒன்று அவளுக்கு.
மற்றது எனக்கு.
பிளாஸ்ரரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு
காட்டை நீட்டினேன்.

மாத முடிவில் தாள் வந்தது.
ஆகக் குறைந்தது ஆயிரத்துத் தொளாயிரம் கட்டினால் போதும்.
போதும் என்ற சொல்லை அவ்வளவு இனிப்பாக
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.
கட்டினேன். அடுத்த மாதமும்.
ஊராரின் கடன்கொப்பிகளைக் கூட்டுகிற நான்
என் தாளைக் கூட்டிப் பார்த்தது நாலாம் மாதம்.
கட்டியதில் பாதிக்குக் கிட்ட வட்டி தின்றிருந்தது.
சேலை ஒருக்காத்தான் உடுத்தது.
சீட்டைக் கழிவுக்கு எடுத்து
வைகாசியில் முழுவதையும் அடைத்தேன்.
இவருக்குச் சொல்லவில்லை.

ஆடியில் இவர் விழுந்தார்.
பெரியாஸ்பத்திரி. கட்டிலுக்குக் காசில்லை, டொக்டருக்குக் காசில்லை.
இரவு பதினொன்றரைக்கு மிஸ்ஸி ஒரு துண்டு தந்தா.
"இந்த ஊசிமருந்து எங்களிட்டை முடிஞ்சுது.
வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ. ஏழு குப்பி."
ஷெல்லாய்த்தான் வருமென்று பழகியிருந்தேன்.
நாலாய் மடித்த துண்டாய் வந்தது அந்தரம்.

ஆஸ்பத்திரி வீதியில் ஒரேயொரு மருந்துக்கடை வெளிச்சம்.
குப்பி ஒன்பதாயிரத்துத் தொளாயிரம்.
பழக்கதோஷம், வாய் தானாய்ப் பெருக்கியது:
அறுபத்தொன்பதாயிரத்து முந்நூறு.
கடைக்காரப் பொடியன் காட்டை மெசினில் சொருக
அந்த நேரம் நான் நினைத்தது இவரையில்லை,
சேலையை.
போதும் போதுமென்றே கட்டி வந்திருந்தால்
இன்றைக்கும் முப்பத்திரண்டு மிச்சம் நின்றிருக்கும்.
மீதி அறுபத்தெட்டுக்கு ஆறு குப்பி.
ஏழாவது வராது.
மெசின் யோசித்தது.
யோசித்தது.
பிறகு தாளைத் துப்பியது.

ஐஸ்பைக்குள் ஏழும் ஒன்றோடொன்று முட்டும் சத்தத்தோடு
வீதியைக் கடந்தேன்.

ஆறாம் நாள், கஞ்சிக்கு உப்புக் காணாது என்றார்.
வெளியில் வந்து அழுதேன்.

வட்டியில்லாமல் கட்டத் தவணை இருபத்தாறாம் திகதி.
கலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்தில் வட்டம் போட்டேன்.
இரண்டு பேரின் சம்பளம், ஒரு மோதிரம்;
விளைமீன் வாங்கிய வீடு சூடைக்கு இறங்கியது.
என் சேலையை அரைவிலைக்குக் கேட்டவள்
கரை நல்லாயில்லை என்று இன்னும் ஐந்நூறு குறைத்தாள்.
இருபத்தைந்தாம் திகதி கட்டி முடித்தேன்.

அன்றிரவுதான் இவருக்குச் சேலைக்கதையைச் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
காட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
பெருவிரல் பட்ட இடத்தில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது.
புதுத்துண்டு பிளாஸ்ரர் ஒட்டி,
ஊசி ஏறி வீங்கிய கையால்
அந்தரத்துக்கு என்று எழுதினார்.
கீழே, சின்னதாய்:
சேலைக்கு அல்ல.